பின்வளவுக்கு வந்த சிக்னல்

களுதாவளையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருப்பவர் கனகசிங்கம் மாமா. குருமண்வெளித் துறையில் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் ‘பாதை’ என்கிற மிதவையில் வேலை செய்தவர். அக்கரையில் யாராவது நின்று கூவினால், இக்கரையிலிருந்தே பெயர் சொல்லிப் பதில் கொடுக்கிற தொண்டை. இப்போது அந்தத் தொண்டைக்கு வேலை இல்லை. மாமி காலமான பிறகு வளவில் அவர் ஒருவர்தான்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனம். மாமாவும் மகள் கஜானியின் கலியாணத்தோடு கல்வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் ஓர் அறையும் சமைக்கக் குசினியுமாகக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார். கஜானி புருசனோடு லண்டனுக்குப் போய்விட்டாள். கல்வீடு பூட்டிக் கிடக்கிறது. கள்ளனுக்குப் பயந்து மருமகன் முன்வாசலைப் பார்க்க ஒரு கமரா பூட்டினார். அதற்காக உள்ளே ரவுட்டரும் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வைஃபை முன்படிவரை வரும்; பின்வளவுக்கு எட்டாது. அங்கே டவர் சிக்னலும் இல்லை. மகள் வாட்ஸ்அப்பில் கோல் எடுப்பாள் என்று மாமா பகல் முழுவதும் கல்வீட்டின் முன்படியில் இருப்பார். சமைக்கப் போனால், அந்த நேரம் பார்த்துப் போன் அடித்துவிடுமோ என்று சோற்றை அரைவேக்காட்டில் இறக்கிவிட்டு ஓடி வருவார்.

“மதுஷன், நீ கெம்பஸ்ல இதத்தானே படிச்ச. எனக்கு அறைக்குள்ள போன் அடிக்கணும். படுத்துக் கிடந்தாலும் அடிக்கணும்” என்றார் ஒருநாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அப்பாவின் வயல் வட்டையில் வரம்பு கட்டிக்கொண்டே படித்தவன். என் படிப்பை நம்பி ஊரில் ஒருவர் வேலை சொன்னால் நெஞ்சு நிமிராமல் என்ன செய்யும்?

“ஒரு வயர் இழுத்தாச் சரி மாமா.”

“வயரா? மகள்ட சுவத்துல ஓட்டை போடுறதா? அந்தக் கதை வேணாம்.”

“அப்ப வயர் இல்லாமச் செய்வம்.”

புளியந்தீவுக் கடையில், வைஃபையைத் தூரத்துக்குக் கடத்தும் ஓர் அக்சஸ் பொயின்ட் வாங்கி வந்தேன். கல்வீட்டைத் திறந்து, அதை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ரிப்பீட்டர் முறைக்கு மாற்றி, ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தேன். பச்சை லைட் எரிந்ததுதான் தாமதம், மாமா அதைக் கழற்றிக்கொண்டு தன் அறைக்கு நடந்து, கட்டிலடிப் பிளக்கில் செருகினார். லைட் சிவப்பாக எரிந்தது.

“என்னடா மனே, செத்துட்டு?”

“ரவுட்டர் சொல்றது இதுக்குக் கேக்கணும் மாமா. கேட்டாத்தானே திருப்பிச் சொல்லும். நடுவுல வைக்கணும்.”

“அப்ப இதுவும் பாதைக்காரன்தான்” என்று சிரித்தார்.

கல்வீட்டுக் குசினியின் பின்ஜன்னலில் அதை வைத்தோம். அறைக்குள் சிக்னல் நிறைந்தது. வீதியில் நின்று மாமாவுக்குக் கோல் எடுத்துப் பார்த்தேன். முதல் அடியிலேயே, யாரென்று பார்க்காமல், “மகள்” என்றார்.

அதன்பிறகு அவர் முன்படிக்கு வரவில்லை. போன் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்பேன்.

“எடுத்தாவா மாமா?”

“இன்னும் இல்ல. வேலையாக்கும். சிக்னல் நிக்கிதா எண்டு பாரு.”

பார்ப்பேன். நிறைந்தே நின்றது. என் வேலையில் பிழையே இல்லை. ஒரு சின்னப் பிழையாவது இருந்திருக்கலாம் என்று முதல்முறையாக நினைத்தேன்.

ஞாயிறு கழிந்து ஒரு மத்தியானம், நான் பக்கத்தில் இருக்கும்போதே போன் அடித்தது. கஜானிதான். குரல் பதறியது.

“அப்பா, எங்க போனீங்க? முன்னுக்கு உங்களக் காணவே இல்ல.”

“அறைக்குள்ளதான் மகள் இரிக்கன். ஏன்?”

“வேலைக்கு வெளிக்கிடக்குள்ள ஒவ்வொரு நாளும் கமராவுல உங்களப் பாத்துட்டுத்தான் போறனான். படியில இரிப்பீங்க. அப்பா சுகமா இரிக்கார் எண்டு மனசு ஆறும். இப்ப படி வெறுமையாக் கிடக்கு. பயந்துட்டன்.”

“எனக்கு ஒண்டுமில்ல மகள். சுகம்.”

“சரியப்பா. பஸ் வந்துட்டு. வைக்கிறன்.”

மாமா போனைக் காதிலிருந்து எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“ஒவ்வொரு நாளும் அவள் என்னப் பாத்திருக்காள். நான்தான் அவளப் பாக்கல்ல.”

நான் பகிடியாக்கப் பார்த்தேன். “இன்னும் ரெண்டு நாள் முன்னுக்குப் போகாம இருங்க மாமா. திரும்ப எடுப்பா.”

“புள்ளைய வெருட்டியா எடுக்க வைக்கிற?”

எழுந்து கொடியிலிருந்த சேர்ட்டை எடுத்து உதறினார். “வெறும் மேலோட இருந்ததையும் பாத்திருப்பாள்” என்றபடி கழுத்துப் பொத்தான் வரை பூட்டினார். போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு முன்படிக்கு நடந்தார்.