வாழைமரத்தில் செருகி நின்ற பிளேடு

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, கிள்ளானில் நான் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் நடந்தது இது. இரும்பும் பித்தளையும் கடைந்து பம்புக்கும் மோட்டாருக்கும் சாமான் செய்து கொடுக்கிற சின்ன இடம். பாஸ், லேத் ஓட்டும் அண்ணன், நான், அவ்வளவுதான் ஆள். மெக்கானிக்கல் டிப்ளோமா முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தேன். இந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம் என்று பாஸ் எல்லாரிடமும் சொல்வார். அண்ணனுக்கு என்னைவிட அதிகம். முப்பது வயசுதான் இருக்கும். கை வேகம், பேச்சு அதைவிட வேகம்.

பூஜை வந்தால் மற்ற பட்டறைகளில் மெஷினைத் துணியால் துடைத்துவிட்டுச் சந்தனம் வைப்பார்கள். எங்கள் அண்ணனுக்கு அது போதாது. லேத்தில் வெட்டும் டூலை முன்னும் பின்னும் நகர்த்துகிற சிலைடையே கழற்றி, உள்ளே இருக்கும் நட்டு வரைக்கும் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டுவார். அந்த வருஷமும் அப்படித்தான். மெஷின் புதுசு மாதிரி மின்னியது. மாலை போட்டு, குங்குமம் வைத்து, வாசல் தூண்களில் வாழைமரமும் கட்டியாகிவிட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாக மரத்தை அவிழ்க்கச் சொல்லியிருந்தார் பாஸ். டீ குடித்துவிட்டுச் செய்யலாம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அப்போதுதான் தெலுக் பங்லிமா காராங்கில் இருந்து ஒரு அங்கிள் வந்தார். அவர் வேலை செய்யும் ஃபேக்டரியில் பம்பு நின்றுவிட்டது. ஒரு பித்தளை புஷ், அதாவது பம்பின் தண்டைத் தாங்கும் வளையம், உடனே வேண்டும், கையோடு வாங்கிப் போகிறேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். ஃபேக்டரியில் இருந்து அவருக்குப் போன் மேல் போன்.

நான்தான் வேலையை ஆரம்பித்தேன். லேத் ஓட்டாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஹேண்டலை ஒரு பக்கம் சுற்றிவிட்டுத் திருப்பிச் சுற்றினால், கொஞ்ச தூரம் ஹேண்டல் மட்டும் சுற்றும், டூல் அசையாது. ஸ்குரூவுக்கும் நட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த லூசுக்குப் பெயர் பேக்லாஷ். எல்லாப் பழைய மெஷினிலும் இருப்பதுதான். எங்கள் லேத்தில் கால் சுற்று இருக்கும். அளவு தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னால் இழுத்து, மறுபடியும் அதே பக்கத்தில் இருந்து வருவோம். பழகிவிட்டால் கை தானாகச் செய்யும்.

அன்றைக்கு ஹேண்டல் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று சும்மா சுற்றியது. ஹேண்டலைச் சுற்றிப் பொறித்திருக்கும் அளவு எண்களைப் பார்க்கலாம் என்றால் சரியாகப் பூஜ்யத்தின் மேல் சந்தனப் பொட்டு. ஆனால் கைக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, ஹேண்டல் சும்மா சுத்துதுண்ணே. ஒரு ரவுண்டே போவுது."

"நேத்துதானே குளிச்சி மாலை போட்டிருக்கு. புதுமாப்பிள்ளை லா, காலையில அப்படித்தான் எந்திரிக்கும்."

நானும் சிரித்துவிட்டேன். வெளிப்பக்கம் கடைந்து முடிக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் டூல் ஒரே திசையில்தான் போகிறது. கடைசியாகப் புஷ்ஷைக் கம்பியில் இருந்து துண்டாக அறுக்க வேண்டும். அதை எப்போதும் அண்ணன்தான் செய்வார். என்னை நகரச் சொல்லிவிட்டு, அறுக்கும் பிளேடை மாட்டி உள்ளே விட்டார்.

பித்தளைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, டூலைத் தன் பக்கம் இழுக்கும். நட்டு இறுக்கமாக இருந்தால் டூல் போகாது. லூசாக இருந்தால், எவ்வளவு லூசோ அவ்வளவும் ஒரே பாய்ச்சலில் உள்ளே போகும்.

போனது. லோரி டயர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது. அண்ணன் சிவப்புப் பட்டனை அடித்துவிட்டு அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். பிளேடில் பாதியைக் காணோம். முதலில் அவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு என் கைகளை. ரத்தம் எங்கேயும் இல்லை.

அங்கிள் வாசலில் நின்ற இடத்திலேயே நின்றார். போன் காதில் இருந்தது. அவருக்கு முன்னால் இருந்த வாழைமரத்தில் அந்தப் பாதிப் பிளேடு செருகி நின்றது. அதன் ஓரமாகத் தண்ணீர் மாதிரி சாறு வடிந்துகொண்டிருந்தது. அவருடைய கண் உயரம்.

போனில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அங்கிள் அதைக் கட் செய்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போன் அடித்தார். திட்டப் போகிறார், போலீஸ் என்று சொல்லப் போகிறார் என்றெல்லாம் நினைத்தேன். அவர் மனைவியிடம் மத்தியானம் என்ன சமையல் என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு ரொம்ப நேரம் "ம்ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பாஸ் ஓடி வந்தார். சிலைடைத் திறந்து பார்த்தால், நட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூ விரலாலேயே சுற்றும் அளவுக்கு லூசாக இருந்தது. கடைசியாக மெஷினில் யார் கை வைத்தது என்று கேட்டார். காலையில் இருந்து மெஷினில் நின்றது நான். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆளும் நான்தான். யார் மேல் பழி விழும் என்று சொல்லத் தேவையில்லை.

அண்ணன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான்தான் பாஸ் கழட்டி மாட்டினேன். பூஜைக்கு நல்ல நேரம் முடியப் போவுதுன்னு கூப்பிட்டாங்க, கையாலயே முறுக்கி விட்டுட்டேன். ஹேண்டல் சும்மா சுத்துதுன்னு இவ சொன்னா. நான்தான் கேக்கல."

பாஸ் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அங்கிளைத் தன் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டார். புஷ்ஷை மத்தியானத்துக்கு மேல் செய்து அனுப்பினோம். அந்த அங்கிள் இன்னும் எங்களிடம்தான் வேலை கொடுக்கிறார், ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

நான் முன்பே சொன்னேன் என்று எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. ஒரு தடவை சொன்னேன், அவர் ஜோக் அடித்தார், நான் சிரித்துக்கொண்டே இடம் விட்டேன், அவ்வளவுதான் நடந்தது. இப்போதெல்லாம் கைக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால் முதலில் மெஷினை நிறுத்திவிடுகிறேன், அப்புறம்தான் பேச்சு. என்ன கிண்டல் செய்தாலும் சரி, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் என் விரல் பச்சைப் பட்டனுக்குப் போவதே இல்லை.