இப்பிலிப்பில் குழை

நேற்று வவுனியாவில் ஒருவர் சைக்கிள் கரியரில் ஆட்டுக்கு இப்பிலிப்பில் குழை கட்டிக்கொண்டு போனார். அந்தப் பச்சை மணம் என்னைக் கடைசிச் சண்டைக் காலத்துக்கு, ராசையா அண்ணையின் வளவுக்குக் கொண்டுபோய்விட்டது. அப்போது நான் சிறுமி.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓடிவந்த நாங்கள் அந்த வளவில்தான் தறப்பாள் கட்டிக் குடியிருந்தோம். வேலியோரம் நின்ற இப்பிலிப்பில் மரத்தில் காய்ந்த நெற்றுகள் காற்றுக்குக் கலகலக்கும், பொழுதுபட்டால் புளியிலை போன்ற சின்ன இலைகள் கூம்பிக்கொள்ளும், காலையில் அம்மா எட்டி ஒடிக்கும் கொப்பைத் தின்று எங்கள் ஆடு ஒரு பேணி பால் தரும். அம்மாவுக்குப் பால் வற்றியிருந்தது. கைக்குழந்தையான என் தங்கச்சிக்கு அந்த ஆட்டுப்பால்தான் சாப்பாடு.

செல் குண்டுகள் கிட்ட விழத் தொடங்கியதும் ராசையா அண்ணை கோடரியோடு வந்தார். அம்மா மரத்தைக் கட்டிப்பிடித்தாள்.

"தறிக்காதேங்கோ அண்ணை. குழை இல்லாட்டிப் பாலில்லை. சின்னவளுக்கு என்னத்தைக் குடுப்பன்?"

"தென்னையெல்லாம் தறிச்சு முடிஞ்சுது பிள்ளை. பங்கர்க் குழிக்கு மேல போட இந்த வைரமான மரம்தான் மிச்சம். மூடாட்டி எல்லாரும் செத்துப்போவம்."

அம்மா கையை எடுத்தாள். தறித்த மரத்தின் குழை முழுவதையும் அவரே ஆட்டின் முன்னால் குவித்தார். அது முடியும்வரை பால் வந்தது. பிறகு அம்மா வளவு வளவாகக் குழை தேடி வெறுங்கையோடு வந்தாள். தங்கச்சிக்கு வெறும் சுடுதண்ணீரைப் பருக்கினாள்.

ஒரு பின்னேரம் பக்கத்தில் செல் விழுந்தது. பங்கருக்குள் மண் கொட்டியது, மரம் முறியவில்லை. எல்லோரும் தப்பினோம். சில நாட்களில் அதே பங்கருக்குள், உடம்பில் ஒரு காயமும் இல்லாமல், தங்கச்சி அம்மாவின் மடியில் செத்துப்போனாள்.