வாந்திமேடு

எங்கள் கத்தோலிக்கப் பங்கு இரண்டு மாவட்டங்களின் எல்லையில் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் ஓடும் கால்வாயைத் தாண்டினால் அடுத்த மாவட்டம். பொன்விழா மலருக்காக, சுற்றுவட்டாரத்து இடங்களுக்குப் பெயர் வந்த கதையை எழுதித் தரும்படி மலர்க்குழுத் தலைவர் கேட்டார். பள்ளி ஆசிரியை என்பதால் என்னைப் பிடித்தார்கள். ஆசையோடுதான் ஒப்புக்கொண்டேன்.

மூணாங்கட்டை, மூன்றாவது மைல்கல்லால் வந்த பெயர். அதெல்லாம் சுலபம். வாந்திமேட்டுக்குத்தான் விசாரிக்க வேண்டியிருந்தது. நான் பிறந்த தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பக்கத்து மேடு அது. அம்மா தோட்டத்தில் களைக்கொல்லி மருந்தடித்தவர். எல்லா அம்மாக்கள் மேலும் அந்த நெடிதான் அடிக்கும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

அம்மாவோடு வேலை செய்த அக்கா இப்போது புக்கிட் செந்தோசா குடியிருப்பில் இருக்கிறார். போய்க் கேட்டேன்.

"மூஞ்சிக்குத் துணிகூடக் குடுக்கலம்மா. பத்து மணிக்கு பம்ப எறக்கி வச்சிட்டு அந்த மேட்டுலதான் ஒக்காருவோம். ஒருத்தி எடுத்தா மத்தவளுக்கும் வந்துரும். வேல வாங்குற மண்டோர் தூர நின்னு சிரிப்பான். அவன்தான் அந்தப் பேர வச்சான்."

அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டீச்சர், பிஷப் கையில குடுக்கப்போற புக்கு. அதுல போயி வாந்தியா? ஒரு எழுத்துதான லா. சாந்திமேடுன்னு போட்டுருவோம்."

"மாத்தாதீங்க. வேணாம்னா அந்தப் பகுதியையே எடுத்துருங்க" என்றேன்.

விழா நாளில் மலரைப் பிரித்தேன். 'அமைதியும் எழிலும் கண்டு நம் முன்னோர் சூட்டிய பெயர் சாந்திமேடு.' கீழே என் பெயர். எதிர் மேசையில் தலைவர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதே லயத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் அதே மேட்டில் உட்கார்ந்து வாந்தியெடுத்தவர்தான். பெற்றவளின் வாயைத் துடைப்பதுபோல அல்ல, பொத்துவதுபோல இருந்தது அந்தக் காரியம். மீசையில் ஒட்டிய சோற்றோடு, "சாப்பிடுங்க டீச்சர்" என்றார். மலரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் அக்காவிடம் போய் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப நாங்க எங்க வாந்தியெடுத்தோம்?" என்றார் அக்கா.

குழுவிலிருந்து விலகிவிடுவதாகச் சொன்னேன்.

"நீ வெலகி என்னாவப்போவுது? அந்தாள இங்க கூட்டிட்டு வா. நான் பேசுறேன்."

தலைவரை மூன்று முறை கூப்பிட்டேன். முதல் முறை கூட்டம் என்றார். இரண்டாம் முறை காய்ச்சல். மூன்றாம் முறை எடுக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசையில், எல்லோரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், எனக்குப் பக்கத்து வரிசையில் நின்று என்னைப் பார்த்துக் கைகூப்புகிறார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.