மூத்தவன் பங்கு வைத்த ஜீப்

சின்னராசுவின் பேச்சை எடுத்தால் அவன் ஊரில் எல்லாரும் அந்த ஜீப்பில்தான் ஆரம்பிப்பார்கள். அவனுக்கு எப்போது கல்யாணம் ஆனது, எந்தப் பெண் மூத்தவள் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். ஜீப் வந்த வருஷம் மட்டும் மறக்காது. எழுபத்தெட்டு. புளி கொத்துக் கொத்தாய்க் காய்த்துக் கிளை ஒடிந்த வருஷம்.

ஜவ்வாது மலையில் கூப்பு என்கிற காட்டுக் குத்தகை எடுத்து மரம் வெட்டிய காண்டிராக்டர் ஒருவர், வேலை முடிந்து கீழே கிளம்பியபோது அவருடைய ஜீப் மட்டும் கிளம்பவில்லை. வெள்ளைக்காரன் காலத்து மிலிட்டரி வண்டி, ஸ்டீயரிங் இடது பக்கம். சின்னராசு வீட்டுக் கொல்லையோரம் நின்றது நின்றதுதான். காண்டிராக்டரின் லாரியில் கொஞ்ச காலம் கிளீனராக இருந்த சின்னராசு அவரிடம் போய், "எங்க வூட்டுப் புளிய ஏத்திக்கினு போங்க, இந்த வண்டிய வுட்டுட்டுப் போங்க" என்றான். இவன் மனசு மாறுவதற்குள் அவர் புளியை ஏற்றிக்கொண்டு மலை இறங்கிவிட்டார். அண்ணன் அருணகிரி அன்று மாமியார் வீட்டுக்குப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் களத்தில் புளி இல்லை, கொல்லையில் இரும்பு இருக்கிறது.

அப்பன் செத்த பிறகும் அண்ணனும் தம்பியும் பிரியாமல் இருந்தார்கள். வீடுதான் எதிரெதிரே இரண்டு. நிலம் பொது, மாடு பொது, மரம் பொது. அதனால் அந்தப் புளியும் பொது. அருணகிரிக்கு வந்தது நியாயமான கோபம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நியாயமான கோபம் ஒரு வாரம் இருக்கும், போனால் ஒரு மாசம் இருக்கும். இவன் அதை ஆறு வருஷம் தீனி போட்டு வளர்த்தான்.

வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பியைக் காட்டி, "புளியக் குடுத்துட்டுத் துரு வாங்கினவரு இவுருதான், நல்லா பாத்துக்குங்க" என்பான். வழியில் போகும்போது ஜீப்பை ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் போவான். ஒரு தடவை, கழற்றித் துடைத்துக் காயவைத்த கார்ப்பரேட்டர் காணாமல் போய், மாட்டுத் தொட்டியில் தவிட்டுத் தண்ணீருக்கடியில் கிடைத்தது. மாடு தூக்கிப் போட்டிருக்கும் என்று அருணகிரி சிரிக்காமல் சொன்னான்.

சின்னராசுவையும் சாது என்று நினைத்துவிட வேண்டாம். அவன் திருப்பிப் பேசமாட்டான், அவ்வளவுதான். அண்ணன் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தலை சாய்க்கிற நேரம் பார்த்து, அவசரமே இல்லாத தகரத்தை எடுத்து வைத்துச் சுத்தியால் நெளிவெடுப்பான்.

சாமை அறுப்பு, களை, கொட்டகை வேலை எல்லாம் போக மிச்சப் பொழுது முழுக்க அவன் வண்டிக்கடியில் கிடந்தான். புளியங்கிளையில் சங்கிலி மாட்டி எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்தான். பிஸ்டன் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி ஒரு மழைக்காலம் முழுக்கப் போராடி அசைத்தான். பின்பக்கத் தகரம் தொட்டால் உதிர்ந்தது. அதை அறுத்தெறிந்துவிட்டு, சொந்தக் கொல்லையில் காற்றுக்கு விழுந்த பலாமரத்தைப் பலகையாக்கி, மூட்டை ஏற்றத் தோதாகப் பெட்டி கட்டினான். மலைப்பாதைக் கல்லில் அடிவயிறு தட்டக்கூடாதென்று பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டைகளை வெட்டிச் சேர்த்து வண்டியை ஒரு சாண் உயர்த்தினான். செல்ஃப் மோட்டார் மட்டும் எதற்கும் மசியவில்லை. போகட்டும், முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

சாமான் தேடி வாணியம்பாடிக்குப் போவான். கடுக்காய் மூட்டையைத் தோல் பதனிடுகிற இடத்தில் இறக்கிவிட்டு, பழைய இரும்புக் கடை வைத்திருந்த நசருல்லா பாயிடம் போய் நிற்பான்.

"இன்னா மலைக்காரரே, அதுக்கு இன்னும் உசுரு கீதா?" என்பார் பாய்.

"கீது பாய். மூச்சுதான் வுடல."

பாய் சிரித்துக்கொண்டே குவியலைக் கிளறித் தேடித் தருவார். எண்ணெய் கசியாமல் இருக்கப் போடுகிற வளையம் அந்த வண்டிக்கு எங்கும் அகப்படவில்லை. தோல் ஊரில் தோலுக்கென்ன பஞ்சம் என்று தடித்த தோலில் அளவாக வெட்டிக் கொடுத்தார். மிஞ்சிய துண்டுகளையும் சும்மாவே அள்ளிக் கொடுத்தார். சின்னராசு அவற்றை ஒட்டுப் போட்டு டிரைவர் சீட்டுக்கு உறை தைத்தான். இரண்டு வீட்டிலும் சேர்த்து அவனிடம் முகம் கொடுத்துப் பேசியவர்கள் குறைவு. நசருல்லா பாய் பேசினார்.

அவன் பெண்டாட்டி மணியம்மாளுக்கும் ஜீப் ஆகாது. "அத்தயே கட்டிக்கினு இருந்திருக்கலாமே, என்னை எதுக்குய்யா கட்டின?" என்பாள். கிரீஸ் படிந்த வேட்டியைத் துவைக்கமாட்டேன் என்று கொடியில் அப்படியே வீசிவிடுவாள்.

எண்பத்து நாலு தை மாசம் வண்டி மூச்சு விட்டது. முதலில் இருமியது, கரும்புகை கக்கியது, பிறகு ஊரே கேட்கும்படி உறுமியது. வேலையில் இருந்தவர்கள் அரிவாளும் கையுமாக ஓடி வந்தார்கள். சின்னராசு ஜமுனாமரத்தூர் வரை ஓட்டிக்கொண்டு போய், திரும்பி வரும்போது உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றி வந்தான். பின்பெட்டியில் ஆட்கள் நிற்க இடமில்லாமல் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அன்று மணியம்மாள் அந்த வேட்டியைத் துவைத்தாள்.

அருணகிரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இந்தத் தடவை உதைக்கவில்லை, முன்தகரத்தைத் தடவிப் பார்த்தான். அந்தத் தடவலைப் பார்த்ததுமே சின்னராசுவுக்கு உதையே தேவலை என்று தோன்றியது.

அடுத்த வாரமே பாகம் பிரிக்க வேண்டும் என்று அருணகிரி ஊர்ப் பஞ்சாயத்து பண்ணுகிற நாட்டாரைக் கூட்டிவிட்டான். அவர்கள் ஊரில் பாகப்பிரிவினைக்கு ஒரு முறை உண்டு. மூத்தவன் சொத்தை இரண்டு பங்காக வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். வைக்கிறவனுக்கு எடுக்கிற உரிமை இல்லாததால் வஞ்சனை நடக்காது என்று அந்தக் காலத்து ஆட்கள் கண்ட வழி. அருணகிரி மாதிரி ஒருவன் பின்னால் பிறப்பான் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை, பாவம்.

நாட்டார் முன்னால் அருணகிரி இரண்டு இலையைப் போட்டான். ஒன்றில் சுனையோரத்து மண்ணை வைத்தான். "சுனையோர நிலம், புளிமரம் அத்தினியும், மாடு கன்னு அத்தினியும் இதுல." இன்னொன்றில் கொஞ்சம் சரளைக்கல்லையும் ஒரு போல்ட்டையும் வைத்தான். "மேட்டுக் கல்லாங்காடும் இந்த வண்டியும் இதுல. எம் தம்பி எடுக்கட்டும்."

கூட்டத்தில் ஒரு முனகல். நாட்டாரே நெகிழ்ந்துபோய், "அருணகிரி, தம்பிக்கு நல்லத வுட்டுக் குடுக்கறப்பா" என்றார். அருணகிரி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையை ஒரே போடாகப் போடலாமா என்று சின்னராசுவுக்கு இருந்தது. ஏனென்றால் அண்ணன் கணக்கு அவனுக்கு மட்டும்தான் புரிந்தது. பெண் பிள்ளைகளைப் பெற்றவன், கல்லாங்காட்டை எடுத்துக்கொண்டு எப்படிச் சோறு போடுவான்? புளிமரத்தைத்தான் எடுத்தாக வேண்டும். வண்டி தானாக மூத்தவன் வாசலுக்குப் போய்ச் சேரும். கல்லாங்காட்டில் விளையாதது அருணகிரிக்குப் பெரிதில்லை. மாமனார் நிலம் அவனுக்குத்தான் வரப்போகிறது.

மணியம்மாள் பெண்களைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது அவள் மேல் கோபப்பட்டிருக்கலாம்.

சின்னராசு சுனை மண் இருந்த இலையை எடுத்தான்.

அன்றைக்கே ஆட்கள் வண்டியை எதிர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் அருணகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டிலை எடுத்து வந்தான். தம்பியிடம் எப்படிக் கிளப்புவது என்று கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமே. தம்பி சுற்றும்போது தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான், அது போதும் என்று நினைத்துவிட்டான். சின்னராசு தன் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தான்.

ஏற்றத்தில் நன்றாக இழுக்க வேண்டும் என்பதற்காக அவன் அந்த எஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கிற நெருப்பு கொஞ்சம் முந்தியே விழும்படி வைத்திருந்தான். அப்படி வைத்த எஞ்சின், ஹேண்டிலைச் சில சமயம் வெறிகொண்டு திருப்பி அடிக்கும். அதனால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும், அடித்தால் கை நழுவிக்கொள்ளும். அருணகிரி மண்வெட்டியைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலைச் சுற்றி வளைத்து இறுக்கிப் பிடித்தான்.

சின்னராசு அதைப் பார்த்தான். "ண்ணா, வெரல எடு" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அருணகிரி குனிந்தான், ஒரு தரம் சுற்றினான், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினான். சின்னராசு கையில் இருந்த புளியம்பழத்தைத் தட்டாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மூன்றாம் தரம் ஹேண்டில் திருப்பி அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அண்ணி பெரியம்மாள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. அடுத்த பஸ் சாயங்காலம்தான். ஊரில் ஜீப் ஓட்டத் தெரிந்தவன் ஒருவன்தான். பெரியம்மாள் கூப்பிடுவதற்கு முன்பே சின்னராசு எழுந்து போய், கட்டைவிரலை ஒதுக்கி ஹேண்டிலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். வண்டி கிளம்பிவிட்டது.

ஆலங்காயத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த மலையிறக்கத்தில் அவன் அதை ஓட்டுவது அதுதான் முதல் தடவை. கல்லில் ஏறி இறங்கியும் அடி தட்டவில்லை. வளைவில் பெட்டி ஆடவில்லை. அவன் போட்ட பட்டை, அவன் மாட்டிய வளையம், அவன் தைத்த சீட்டு. பக்கத்தில் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருக்க, சின்னராசுவுக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

பாதி வழியில் அருணகிரி கேட்டான்.

"டேய், அது திருப்பி அடிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் சுத்தறத பாத்துக்கினுதான இருந்த?"

"பாத்துக்கினுதான் இருந்தேன்."

அருணகிரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பும்போது ஜீப்பில் ஏறமாட்டேன் என்று பஸ்ஸுக்கு நின்றான். சின்னராசு தனியாக ஓட்டிக்கொண்டு வந்து வண்டியை அண்ணன் வாசலில் விட்டான்.

கை கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அருணகிரி வண்டியை ஒருவருக்கும் விற்கவில்லை. நசருல்லா பாய் மலையேறி வந்து கேட்டும் மசியவில்லை. திறந்த பக்கமெல்லாம் மூங்கில் தப்பை அடித்து, தம்பி தினம் காலையில் எழுந்ததும் பார்க்கிற மாதிரி திருப்பி நிறுத்தி, உள்ளே கோழி அடைத்தான்.

சின்னராசு சோறு இறங்காமல் இளைத்துப்போனான். இதைப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு நாள் பெரியம்மாளே தெருவைத் தாண்டி வந்தாள்.

"இன்னா தம்பி, இப்படியே எத்தினி நாளு? நாட்டார் எதுர்ல, தெரிஞ்சே சும்மா இருந்தது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடு. வண்டிய எடுத்துக்கினு போவச் சொல்றாரு உங்க அண்ணன்."

மணியம்மாளும் கெஞ்சினாள். "போய்ட்டு வந்துடுய்யா. ஒரு வார்த்ததான?"

சின்னராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஒரு வார்த்தை. ஆறு வருஷத்து வேலைக்கு முன்னால் அது என்ன பெரிசு? அதோடு அது பொய்யுமில்லை. அண்ணன் கை கோணிப்போனது அவனுக்கே பல நாள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. தெருவைத் தாண்டி ஜீப் பக்கம் வந்தான். டிரைவர் சீட்டில் ஒரு பெட்டைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அவன் தைத்த தோலை அது கீறிக் கிழித்துப் பஞ்சை வெளியே இழுத்து, அதிலேயே கூடு செய்திருந்தது. சீட்டெல்லாம் எச்சம். அருணகிரி வாசலில் நின்று, தம்பி வருவதைப் பார்த்துக்கொண்டே, கோணல் கையால் கோழிக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தான்.

"கை இன்னும் வலிக்குதா?" என்று சின்னராசு கேட்டான்.

"வலிக்குது."

"வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பித் தன் வீட்டுக்கு வந்து புளி தட்ட உட்கார்ந்தான்.