பகலில் தூங்குகிறவர்களுக்கு நான் வாங்கிக் கொடுத்த அமைதி

முள்ளுக்காடாகக் கிடந்த மனையில் வீடு கட்டினேன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சொன்ன இடத்தில் போர் போட்டுக் குடிக்கிற தண்ணீர் எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக எட்டு ரூம் எழுப்பினேன். கொத்தனார் பாதியில் ஓடிப்போனதால் மீதிக்கு நானே கரண்டி பிடித்தேன். எங்கள் தெருவுக்கு விளக்கு வந்தது, நான் போய் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த பிறகுதான். இரண்டு பெண்களையும் காலேஜில் படிக்க வைத்தேன். நான் படித்தது நாலாங்கிளாஸ். அதுவும் வெயில் காலத்துப் படிப்புதான், கூரை ஒழுகும் என்று மழைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் லீவு விட்டுவிடுவார்கள்.

கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் நிற்கிற கம்பெனிகளில் எத்தனைக்கோ சென்ட்ரிங் அடித்தவன் நான். கான்கிரீட் ஊற்றும் முன்னால் பலகையும் முட்டுக்கம்பும் கட்டி அதைத் தாங்கி நிறுத்துகிற வேலை. கான்கிரீட் இறுகியதும் பலகையைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். நாங்கள் அங்கே இருந்ததற்கு ஒரு தடம் இருக்காது. திறப்பு விழாக் கல்வெட்டில் எவர் எவர் பெயரோ இருக்கும். அதற்கெல்லாம் நான் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் இந்தச் சத்த விவகாரத்தில் விடமாட்டேன்.

என் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. போன வருஷம் அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர் வந்து சேர்ந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டுகிறவர். ஐம்பது வயசு இருக்கும். சிரித்த முகம். வாய்தான் ஓயாது. பீரோ உயரத்துக்கு பாக்ஸ்கள் வைத்திருந்தார். விசேஷத்துக்குப் போன பாக்ஸ்கள் காலையில் குட்டியானை வண்டியில் திரும்பி வரும். விசேஷ வீட்டுப் பையன்கள் சத்தத்தைத் திருகித் திருகி ஏதாவது ஒரு ஸ்பீக்கரைக் கிழித்திருப்பார்கள். எது கிழிந்தது என்று கண்டுபிடிக்க இவர் ஒவ்வொன்றாக மாட்டி முழுச் சத்தத்தில் போட்டுப் பார்ப்பார். முதலில் ஒரு குத்துப்பாட்டு. அப்புறம் அவர் குரல். ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்கோடு நிறுத்தினால் பரவாயில்லை. "இன்னிக்கு ஊட்ல இட்லி, வடகறி, ஹலோ, ஹலோ" என்று தின்ற நாஷ்டாவைக்கூட மைக்கில்தான் சொல்வார். எங்கள் அடுப்படியில் டம்ளர் தானாக நகர்ந்து மேடை ஓரத்துக்கு வரும்.

எனக்கு இது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. சுத்தியல் சத்தத்திலேயே காய்ப்பேறின காது என்னுடையது. கஷ்டம் என் ரூம்களில் குடியிருந்தவர்களுக்கு. அத்தனை பேரும் கம்பெனி ஆட்கள், பாதிப் பேர் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, இரண்டு வாய் தின்றுவிட்டுப் படுப்பார்கள். அவர்கள் கண் மூடுகிற நேரமும் குட்டியானை வந்து நிற்கிற நேரமும் ஒன்று.

கடைசி ரூமில் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். என் சின்னப் பெண் வயசு. அவள் ஊர் ஆந்திரா எல்லையில் இருப்பதால் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறாள். ஒரு நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக என் வாசலுக்கு வந்து நின்றாள். கண் இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது.

"நைனா, இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்றேன்."

"இன்னாமா ஆச்சு?"

வலது கையை நீட்டிக் காட்டினாள். கைக்கு ஒன்றும் இல்லை. "கிளவுஸ் மிஷின்ல போயிடுச்சு நைனா. நல்ல வேளை, கையை உருவிட்டேன். நின்னுகினே தூங்கிட்டேன். இன்னொரு வாட்டி தூங்கினா வேலைக்கு வராதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

அவள் பேசி முடிப்பதற்குள் பக்கத்தில் குத்துப்பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவள் அழவில்லை. அலுத்துப்போய்ச் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேலை போனால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வேலை போகாமல் விரல் போனால் அதைவிட மோசம்.

பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போனேன். ராத்திரியில் பாட்டுப் போட்டால் வந்து சொல்லுங்க பெரியவரே என்று அனுப்பிவிட்டார்கள். சரி என்று கொட்டகைக்கே போனேன். சவுண்ட்காரர் நாற்காலி எடுத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"பகல்ல போய் யாருணா தூங்குவா?"

"நைட் ஷிப்ட் போற புள்ளைங்க தூங்கும்பா."

"அதுக்கு நான் இன்னாணா பண்றது? சூரியனைத் திருப்பிப் போடச் சொல்லு. இது என் தொழிலுணா. டெஸ்ட் பண்ணாத பாக்ஸை எடுத்துக்கினு போயி, தாலி கட்ற நேரத்துல கம்முனு இருந்தா என்னை அங்கயே உரிச்சுடுவான்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் நான் என் கைக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். சுவர். ஹாலோ பிளாக் வாங்கி, நடுவில் எட்டு அடிக்கு நானே எழுப்பினேன். இந்த வயசில், தூக்குநூல் பிடித்து, ஒரு நூல் பிசகாமல். சத்தம் மேலே ஏறி வந்துவிடும் என்று சுவர் உச்சியில் தகர ஷீட்டைச் சாய்த்து அடித்தேன். மறுநாள் காலை பாட்டு ஆரம்பித்தது. பாக்ஸில் அடி விழும்போதெல்லாம் ஷீட் கடகடவென்று ஆடியது.

என் சம்சாரம் காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தாள். "இத்தினி நாளா பாட்டு மட்டும்தான் கேட்டுக்கினு இருந்தோம். இப்போ தவுலும் சேத்துட்டீங்க."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ணா, உன் ஷீட்டு செமையா எடுக்குது. விசேஷத்துக்கு வாடகைக்கு விடறியா?"

ஷீட்டைக் கழற்றிவிட்டேன். சுவரில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் எட்டு ரூம் துணியும் அதில்தான் காய்கிறது.

ஆடி மாசம் பிறந்தது. அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிற மாசம். எங்கள் பக்கத்தில் மைக்செட் இல்லாமல் எந்த அம்மனுக்கும் கூழ் கிடையாது. சவுண்ட்காரருக்குத் தினம் ஒரு ஊர். விடிய விடிய ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் வந்து கொட்டகையிலேயே விழுந்து கிடப்பார். அதைக் கவனித்தது யார்? நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு லீவு. என் ரூம் ஆட்கள் எல்லாம் கூழ் குடிக்க அவரவர் ஊருக்குப் போயிருந்தார்கள். சவுண்ட்காரர் வந்து படுத்தார். குறட்டை கேட்கிற வரைக்கும் பொறுத்திருந்தேன். அப்புறம் என் பழைய சென்ட்ரிங் பலகைகளை எடுத்துவந்து சுவரோரம் போட்டேன். துருப்பிடித்த ஆணியைப் பலகையிலிருந்து பிடுங்கும்போது ஒரு கிறீச்சு வரும், பல்லுக்குள் புகுந்து காது வழியாக வெளியே வரும். பலகைக்குப் பலகை ஆணி. ஆணி பிடுங்கிய பலகையில் ஒட்டியிருக்கிற சிமெண்டைச் சுத்தியலால் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். நான் வேலையில் சுத்தம் பார்க்கிறவன்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பாக்ஸ் மேல் ஏறி நின்றிருந்தார்.

"ணா, ராவெல்லாம் கண்ணு மூடல. தலை வெடிக்குதுணா. பேஜாரு பண்ணாத."

"பகல்ல போய் யாருப்பா தூங்குவா?" என்றேன்.

நான் இன்னொரு ஆணியில் கை வைத்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போதும்ணா. இன்னா பண்ணணும், சொல்லு."

நான் யோசிக்காமலா சுத்தியலை எடுத்தேன்? தெருமுனையில் எனக்கு ஒரு மூலை மனை இருக்கிறது. கம்பெனி பஸ் நிற்கிற இடம் அதன் வாசல். சாயங்காலம் நைட் ஷிப்ட் ஆட்கள் அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். அந்த நேரத்தில் தெருவில் தூங்குகிறவர் ஒருவரும் இல்லை. அங்கே கொண்டுவந்து டெஸ்ட் பண்ணிவிட்டு அப்படியே வண்டியில் ஏற்று என்றேன்.

"சாயங்காலம் பாத்து, கிழிஞ்சது இருந்தா எப்பணா மாத்தறது?"

"சத்தம் போடாம கிழிஞ்சதைக் கண்டுபுடிக்க வழியே இல்லையா?"

தலையைச் சொறிந்தார். "இருக்குது. பேட்டரிக் கட்டையை ஒயர்ல தொட்டா நல்ல ஸ்பீக்கரு டொப்புனும். கிழிஞ்சது கரகரன்னும். பக்கத்துல இருக்கறவனுக்குக்கூடக் கேக்காது. ஆனா அதுல மனசுக்குத் திருப்தி இல்லணா."

"காலையில பேட்டரி. திருப்தியை சாயங்காலம் வெச்சுக்கோ."

அந்த வாரமே மூலை மனையில் சிமெண்ட் மேடை போட்டுக் கொடுத்தேன். கரண்ட் இழுத்துக் கொடுத்தேன். இப்போது தினமும் சாயங்காலம் அங்கே பாட்டுக் கச்சேரிதான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இந்தப் பாட்டு வேண்டும், அந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்கிறார்கள். டிரைவர்கூட ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் கதவை மூடுவதில்லை. அங்கே பாட்டுக் கேட்டவர்கள் தங்கள் ஊர் விசேஷங்களுக்கு இவரைக் கூப்பிட, சவுண்ட்காரர் பாக்ஸ் போதவில்லை என்கிறார். பள்ளிப்பட்டுப் பெண் ரூமைக் காலி செய்யவில்லை. பகலெல்லாம் தூங்கி எழுந்து, முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். விரல் பத்தும் பத்திரம். "நைனா, இப்போ மிஷின்தான் என்னைப் பாத்துத் தூங்குது" என்று போன வாரம் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆடிக் கடைசியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். மைக்செட் நம்ம சவுண்ட்காரர்தான். கூழ் முடிந்ததும் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். வார்டு மெம்பருக்கு நன்றி. பந்தல் போட்டவருக்கு நன்றி. கரண்ட் ஆபீஸுக்கு நன்றி. அப்புறம், "நைட் ஷிப்ட் உழைப்பாளிகளின் தூக்கத்தை முன்னிட்டு, பகலில் டெஸ்டிங் கிடையாது என்று நாமே முடிவு செய்திருக்கிறோம்" என்றார். தெரு முழுக்கக் கை தட்டியது. நான் அவருக்கு எதிரிலேயே, கையில் கூழ்ச் சொம்போடு நின்றிருந்தேன். என் சம்சாரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நாமே என்றால் யார்? மூலை மனை யாருடையது? மேடை யார் போட்டது? வயசான காலத்தில் உட்கார்ந்து ஆணி பிடுங்கியது யார்? இறுகிய கான்கிரீட்டிலிருந்து பலகையைப் பிரித்துப் போடுகிற மாதிரி என்னை இதிலிருந்து பிரிக்க முடியாது. எனக்கு மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ் வருவதற்கு முன்னால், சவுண்ட்காரர் அதே மேடையில் நின்று, பகலில் தூங்குகிறவர்களுக்கு இந்த வழியைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று என் பெயரைச் சொல்லி மைக்கில் சொல்ல வேண்டும். முழுச் சத்தத்தில் சொல்ல வேண்டும். ஒரு பாக்ஸை என் வீட்டு அடுப்படிப் பக்கமாகத் திருப்பி வைத்துச் சொல்ல வேண்டும்.