அண்ணனின் உலக வழக்கு

இன்று எங்கள் வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும், அண்ணனோடு நீதிமன்றத்தில் பழகிய நண்பர்களுக்கும், தங்கை வணக்கத்துடன் எழுதுவது. அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நான் கட்டட வரைபடம் போடுகிற வேலையில் இருப்பவள். எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் எனக்குக் கை ஓடும். ஆகவே, உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன்.

பிறந்த இடம் ஆலங்குளம். தலைப்பிரசவத்துக்கு அம்மா அங்கே தாய்வீட்டுக்குப் போயிருந்தார்கள். வளர்ந்ததும் பள்ளியில் படித்ததும் தென்காசி. சட்டம் படித்தது சென்னை. மறைந்தபோது வயது முப்பத்து நான்கு. மணம் செய்துகொள்ளவில்லை. சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் அண்ணனின் இருதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. அம்மா பெண் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம், “இந்த நெஞ்ச நம்பி ஒரு பொம்பளப் பிள்ளையக் கூட்டியாரக் கூடாதும்மா” என்று சொல்லி நிறுத்திவிடுவார்.

சட்டத்தில் மேற்படிப்பு முடித்த ஆண்டு அப்பா காலமானார்கள். தாலுகா அலுவலக எழுத்தராக இருந்த அப்பாவின் சம்பளம் நின்றது. நான் அப்போது பள்ளி மாணவி. அண்ணன் சென்னையைவிட்டு வந்து தென்காசி முன்சீப் கோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். என்னை டிப்ளமா படிக்கவைத்தவர் அவர்தான். “பொட்டப் பிள்ளைக்கு எதுக்கு கட்டட வேலை?” என்று கேட்ட உறவினர்களிடம், “நாளைக்கு ஒங்க வீடு ஒழுகுனா அவகிட்டதான் வருவிய” என்றார். அவர்களில் இருவர் அப்படியே வந்தார்கள்.

அண்ணனுடைய பேராசிரியர், ஊரில் இருந்துகொண்டே ஆய்வுரை எழுதலாம் என்று இசைவு தந்திருந்தார். பொருள் இதுதான். ஓர் அரசு தன் குடிமகன் ஒருவனுக்கு அநீதி செய்தால் அவன் உலகத்திடம் முறையிட முடியுமா? அப்போதிருந்த சட்டப்படி அரசுகள் மற்ற அரசுகளோடுதான் பேசும். தனி மனிதனுக்கு அங்கே இடமில்லை. உலக சபைக்கு அவன் மனு அனுப்பினால் வந்து சேர்ந்தது என்று பதில் வரும். அதற்குமேல் எதுவும் நடக்காது. மனித உரிமைப் பிரகடனம் வெளிவந்த பிறகும் ஏன் இப்படி, இதை மாற்றச் சட்டத்தில் என்ன வழி என்று அண்ணன் ஆறு ஆண்டுகள் எழுதினார். புத்தகங்கள் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் வரும். குறிப்புகளைச் சிறு அட்டைகளில் எழுதிப் பொருள்வாரியாக அடுக்கியது நான்.

ஊரில் அவருக்கு ‘உலக வக்கீல்’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கு கொடுக்க நான் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது தாழ்வாரத்தில் ஒரு மூத்த வக்கீல் குரல் கொடுத்தார்.

“ஏலே, எந்திரிங்க, ஒலக வக்கீலு வாராரு! வே, பக்கத்து வீட்டுக் கோழி தெனமும் எங்க அடுப்பாங்கரைக்குள்ள வருது. ஒலக சபையில ஒரு கேசு போட்டுருவமா?”

“போட்டுரலாம் அண்ணாச்சி. கோழிகிட்ட பாஸ்போர்ட்டு இருக்கான்னு கேட்டுச் சொல்லும்” என்றார் அண்ணன். தாழ்வாரமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அன்று மாலை வீட்டுக்குத் திரும்பிய தூக்கில் சோறு அப்படியே இருந்தது.

இந்தப் பெயரை நம்பித்தான் முத்தம்மாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் எண்ணெயும் சீயக்காயும் விற்பவர். பை நிறையக் காகிதம் கொண்டுவந்தார்; எல்லாவற்றிலும் எண்ணெய் வாடை.

“ஒலகத்துக்கே வக்கீலாம்லா நீங்க. எலங்கைக்கு ஒரு மனு எழுத மாட்டியளா?” என்றார்.

அவருடைய கணவர் சுடலைமுத்து இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர். அக்கா தலைப்பிரசவத்துக்காகக் குற்றாலம் வந்திருந்த சமயத்தில் இரு நாடுகளுக்கிடையே போய்வருவதற்கான சட்டங்கள் மாறிவிட்டன. அவரால் திரும்பிப் போக முடியவில்லை. கணவராலும் வர முடியவில்லை. அப்போது பிறந்த மகளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவைப் புகைப்படத்தில் மட்டுமே பார்த்தவள். சுடலைமுத்து அந்த நாட்டின் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார். இந்தியாவில் பிறந்தவர் என்று தள்ளுபடி ஆயிற்று. இந்தியக் குடியுரிமை கேட்டார். தென்காசியில் பிறந்ததற்குப் பதிவு கேட்டார்கள். தென்காசிப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. பொய்த் தகவல் கொடுத்தவர் என்று குறித்து அனுப்பிவிட்டார்கள். எந்த நாட்டுக்கும் ஆகாதவராக அவர் அங்கே நின்றார்.

அண்ணன் ஒவ்வொரு தாளாகப் படித்தார்.

“அவுக எங்கன பொறந்தாக?”

“தென்காசிதான்.”

“நல்லாத் தெரியுமா?”

“எனக்கு மூத்தவுக பொறந்தத நான் எங்கன பாத்தேன்? ஊரு தென்காசின்னு சொல்லுதாக. அப்போ தென்காசியிலதான பொறந்திருப்பாக?”

நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். “அண்ணே, ஒனக்கு ஊரு எது?”

“தென்காசி.”

“பொறந்தது?”

அண்ணன் தாளைக் கீழே வைத்தார். எழுந்துபோய்த் தம்முடைய வக்கீல் பதிவு விண்ணப்பத்தின் நகலை எடுத்து வந்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் ‘தென்காசி’ என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

“அப்ப நானும் பொய் சொன்னவன்தான்” என்றார்.

நடந்தது இதுதான். தோட்டத்து எழுத்தர் சுடலைமுத்துவின் விண்ணப்பத்தை நிரப்பும்போது, “ஊர் எது?” என்று கேட்டிருக்கிறார். நம்மவர் யாரைக் கேட்டாலும் தகப்பன் வழி ஊரைத்தான் சொல்வார்கள். அவரும் தென்காசி என்றார். எழுத்தர் அதைப் பிறந்த இடமாக எழுதிவிட்டார். அண்ணன் கடிதம் எழுதிக் கேட்டபோது, தாம் பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான் என்றும், சிறுவனாக இருக்கும்போது தென்காசியிலிருந்து போனவர் தம் தகப்பனார் ஆறுமுகம் என்றும் பதில் வந்தது.

“ஊருன்னா பொறந்த எடம் இல்ல, அது உலக வழக்கு. அதுக்கு இப்ப உலக வழக்கு நடத்த வேண்டியிருக்கு” என்று அண்ணன் சிரித்தது இப்போதும் காதில் இருக்கிறது.

நம் அரசியல் சட்டப்படி, வெளிநாட்டில் வாழ்பவரின் தகப்பனாரோ பாட்டனாரோ இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்துகொள்ள வழி உண்டு. ஆக, தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: ஆறுமுகம் தென்காசியில் பிறந்தவர் என்பதற்கு ஆதாரம். அவ்வளவு பழைய பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை.

இதற்குள் அக்காவுக்கு யாரோ வேறு யோசனை சொல்லிவிட்டார்கள்.

“சுடலைமுத்து தென்காசியிலதான் பொறந்தாருன்னு ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதாம்லா. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா கொறஞ்சா போவிய?”

“ஏற்கெனவே பொய்யின்னு எழுதிட்டாக. இப்ப நெசமாவே பொய் சொன்னா, அதுக்கப்புறம் அவுகளை யாராலயும் கூட்டியார முடியாதுக்கா.”

“படிச்சவுகளுக்கு வாயி மட்டுந்தான் ஒலகம் முழுக்க நீளுது” என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார். ஒரு மாதம் வரவில்லை. அண்ணன் கோபப்படவில்லை. பழைய பத்திரங்களில் தேட ஆரம்பித்தார். ஆறுமுகத்தின் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்திருந்தால் பாகப்பிரிவினையோ விற்பனையோ நடந்திருக்கும். அதில் அவர் பெயர் வந்திருக்கும் என்பது அவர் கணக்கு. பதிவேடுகள் பத்திரப்பதிவு அலுவலகத்தின் மாடியில் இருந்தன. விடுப்பு எடுத்து நானும் கூடப் போவேன். ஆறுமுகம், ஆருமுகம், அருமுகம் என்று ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன்.

ஐப்பசியில் தொடங்கிய தேடல் தை மாதம்வரை நீண்டது. சித்திரைக்குள் ஆய்வுரையைக் கொடுத்தாக வேண்டும். கடைசி அதிகாரம் பாதியில் நின்றது. படி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணனின் கால்களில் வீக்கம் வந்துவிட்டது. அம்மா, “ஏலே, முதல்ல ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு அப்புறமா ஒலகத்தப் பாரு” என்று தட்டோடு பின்னாலேயே நடப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் பொறுமை இழந்தேன். உறவினர்கள் யாருக்கும் இதுவரை சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

“யாரோ ஒருத்தனுக்காக ஒன் ஆறு வருச ஒழைப்ப விட்டுடப் போறியா?” என்று கேட்டேன்.

“ஏட்டி, யாரோ ஒருத்தனப் பத்தித்தான ஆறு வருசமா எழுதுதேன்?”

“அப்போ ஒக்காந்து எழுது. அலையாத. நாளைக்கு நான் வர மாட்டேன்.”

“சரி, வராண்டாம்” என்றார். குரலில் வருத்தமே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. நான் போகவில்லை. அண்ணன் தனியாகப் போய், தனியாக அந்தப் படிகளில் ஏறியிருக்கிறார். மதியம் வந்தபோது பேச முடியாமல் மூச்சு வாங்கிற்று. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கிடைத்துவிட்டது என்று புரிந்தது. பங்காளிகளுக்கிடையே ஆன ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம். ‘தென்காசியில் ஜனித்து, தற்சமயம் கொளும்பு தேசம் போய் ஜீவித்துவரும் சுடலை குமாரன் ஆறுமுகம்’ என்று அதில் இருந்ததாம். மூச்சு அடங்கியதும், “எழுதுன மனுசன் கைக்கு மோதரம் போடணும்ட்டி. பொறந்தது வேற, இருக்கது வேறன்னு பிரிச்சு எழுதியிருக்கான் பாரு” என்றார். அன்றே நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மனுவை நான் தட்டச்சு செய்ய, அவர் கையெழுத்திட்டார். மூன்று பக்கம். அவர் எழுதியவற்றிலேயே மிகச் சிறியது.

வியாழக்கிழமை காலை அம்மா காபி எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார். அம்மா இரண்டு முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை என்னைக் கூப்பிட்டார்கள்.

படி ஏறியதால் அல்ல, அந்த வால்வு அவ்வளவு நாள் தாங்கியதே பெரிது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்ன காரணங்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்தப் படிகளை நான் எண்ணிப் பார்த்துவிட்டேன், இருபத்திரண்டு. நான் கூடப் போயிருந்தால் மாடிக்கு நான் ஏறியிருப்பேன், அவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நகலை வாங்கி மனுவோடு சேர்த்து, இலங்கையிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அண்ணனின் கையெழுத்துக்குக் கீழே நான் எதுவும் சேர்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து அண்ணன் பெயருக்குப் பதில் வந்தது. சுடலைமுத்து இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்யப்பட்டிருந்தார். செய்தி சொல்லக் குற்றாலம் போனேன். சாரல் முடிந்து கடையில் கூட்டம் இல்லை. முத்தம்மாள் அக்கா காகிதத்தை வாங்கவில்லை. “கை முழுக்க எண்ணெ, நீங்களே வாசிங்க” என்றார். வாசித்தேன். “அன்னைக்கு நான் பேசுன பேச்சு…” என்று தொடங்கினார். அண்ணனிடம் பேசிய பேச்சைத் திரும்ப வாங்க முடியாததில் அக்காவுக்கும் எனக்கும் ஒரே நிலைமைதான்.

சென்ற மாதம் சுடலைமுத்து எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் தேயிலை. கூடவே மனைவியும் மகளும். “வக்கீல் ஐயா இருக்காங்களா?” என்று என்னைக் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பயணத்தில் மனம் உடைந்துவிடுவார் என்று அண்ணன் மறைந்ததைக் கடிதத்தில் எழுதாமலே இருந்துவிட்டாராம். நான் கதவை முழுக்கத் திறந்தேன். மாலை போட்ட படத்தை அவர் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

“நான் பெரியவருன்னுல்ல நெனச்சிருந்தேன். இவ்வளவு சின்ன வயசா?” என்றார்.

அம்மா அந்தத் தேயிலையில் எல்லாருக்கும் சாயா போட்டார்கள்.

அண்ணனின் ஆய்வுரையில் நன்றியுரைக்கு என்று விட்டிருந்த தாள் அப்படியே வெறுமையாக இருக்கிறது. அவர் சொல்லியிருக்க வேண்டிய நன்றியை நான் சொல்கிறேன். முற்றுப்பெறாத ஆய்வை அப்படியே வாங்கி நூலகத்தில் வைத்த பேராசிரியருக்கு. தேர்வு வேலைகளுக்கிடையிலும் அவர் இரங்கல் எழுதினார். கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் பழைய பதிவேடுகளை எடுத்துக் கொடுத்த அலுவலக ஊழியருக்கு. கட்டணம் வாங்க மறுத்துவிட்ட டாக்டருக்கு. கோழி வழக்குச் சொன்ன மூத்த வக்கீல் அண்ணாச்சிக்கு. பாடைக்கு முதல் தோள் கொடுத்தவர் அவர்தான், தேம்பி அழுதவரும் அவர்தான். பதினாறு நாளும் அம்மாவின் அருகிலேயே இருந்த அத்தைமார் சித்திமாருக்கு. இன்று வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும்.

இன்று பந்தியில் உங்களுக்குச் சோறு பரிமாறுகிற, உங்களில் பலருக்கு அறிமுகமில்லாத அந்த மனிதர்தான் சுடலைமுத்து. காலையிலேயே வந்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அண்ணே, அவுக வந்துட்டாக.