பந்தியிலிருந்து எழுப்பப்பட்ட பர்த்தொலொமே

கச்சேரி ரோட்டில், கடற்காற்று வந்து களைத்து உட்காருகிற இடத்தில், அல்போன்சுக்கு ஒரு படக்கடை இருந்தது. படங்களுக்குக் கண்ணாடியும் பிரேமும் போட்டுக் கொடுப்பது தொழில். ஊரில் மற்றவர்கள் படத்தை அளந்துதான் பிரேம் செய்வார்கள். அல்போன்ஸ் மட்டும் மழைக்காலத்தில் கை சும்மா இருக்கமாட்டாமல் பிரேம்களை முன்கூட்டியே செய்து அடுக்கிவிடுவான். அப்புறம் எந்தப் படம் வந்தாலும் அதற்குள் அடங்கியாக வேண்டும். அடங்காவிட்டால் கத்தரி.

அவன் கைபட்ட முருகனின் மயிலுக்குத் தோகை இருக்காது. லட்சுமியின் இரண்டு பக்கமும் யானை இருக்காது. தண்ணீர் மட்டும் எங்கிருந்தோ வந்து விழும்.

"நைனா, நான் ஆளைப் பாத்து சட்டை வெட்றேன். நீ சட்டையைப் பாத்து ஆளை வெட்றியே!" என்பார் பக்கத்துக் கடை டெய்லர் கலீமுல்லா.

"நடுவுல இருக்கிறதுதான பாய் சாமி? ஓரத்துல இன்னா கீது?"

சொல்வது அப்படி. ஆனால் வெட்டிய ஓரத்தை அவன் ஒருநாளும் குப்பையில் போட்டதில்லை. எல்லாவற்றையும் கடையின் பின்சுவரில் ஒட்டிவைப்பான். மத்தியானம் சோறு உண்டு சாய்ந்தால், அரைக்கண்ணில் அந்தச் சுவர் மெல்ல அசையத் தொடங்கும். யாருடையதென்று தெரியாத முந்தானை ஒன்று யாருடையதென்று தெரியாத மேகத்துக்குள் பறக்கும். தோகைகள் தாமாகவே விரியும். யானைகள் தும்பிக்கையைத் தூக்கி, கீழே மலை மாதிரி படுத்திருக்கும் ஒரு சிங்கத்தின் பாதி உடம்பைக் குளிப்பாட்டும். வெளியே டிராம் மணி அடித்தால் அதுவும் அந்தப் படத்துக்குள்தான் அடிக்கும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி மயிலாப்பூர் மூட்டை கட்டிய வருஷம் அது. கோயில் பங்கில் நோரா அம்மாள் மட்டும் நகரவில்லை. மகன் பர்த்தொலொமே பட்டாளத்தோடு சிங்கப்பூர் போனவன். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனைப்பற்றி ஒரு சேதியும் இல்லை. சேசுநாதர் பன்னிரண்டு சீடர்களோடு உண்ட கடைசி இராப்போசனப் படம் ஒன்றை மகள் கிளாடிஸிடம் கொடுத்து, பிரேம் போட்டு வரச் சொன்னாள். கிளாடிஸ் கான்வென்டில் டிராயிங் டீச்சர். அவள் கடைக்குள் வந்தால் அல்போன்சுக்கு ஆணி எது, விரல் எது என்று புரியாது. அன்று அவசரத்தில் இருப்பதிலேயே நல்ல பிரேமை எடுத்தான். நல்ல பிரேம்தான்; நீளம்தான் போதவில்லை. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், கத்தரி போட்டான்.

இரண்டு நாளில் கிளாடிஸ் திரும்பி வந்தாள், பிரேமோடு.

"அல்போன்ஸ், அந்தக் கோடியில மேசைமேல கையூனி நின்னுட்டிருந்தாரே, அவர் யார் தெரியுமா உங்களுக்கு?"

"ஓரத்துல நிக்கிறவர் யாரா இருந்தா இன்னா டீச்சர்..."

"பர்த்தொலொமே. எங்க அண்ணன் பேர்கொண்ட அர்ச்சியசிஷ்டவர், சீடர்ல ஒருத்தர். 'பந்தியிலேர்ந்து எம்புள்ளையை எழுப்பிட்டாங்களே'ன்னு அம்மா அப்பலேர்ந்து சோத்துல கைவைக்கல."

அல்போன்ஸ் பிரேமைப் பார்த்தான். காட்டிக்கொடுத்த யூதாஸ் பணப்பையோடு சௌக்கியமாக உள்ளே உட்கார்ந்திருந்தான். ஒரு பாவமும் அறியாதவர்கள் வெளியே.

"பாத்தியா நைனா," என்று கலீமுல்லா ஆரம்பித்தார். கிளாடிஸின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தையல் மிஷினை வேகமாக மிதித்தார்.

"டாவின்சி சும்மாவா வரைஞ்சார்?" கிளாடிஸ் விரலால் கண்ணாடியில் கோடு இழுத்தாள். "சுவரு, கூரை, எல்லாக் கோடும் தூரத்துல ஒரே புள்ளியில போய்ச் சேருது பாருங்க. சேசுநாதரோட நெத்திப்பொட்டுல. அந்தக் கோடெல்லாம் ஓரத்துலேர்ந்துதான் கிளம்புது. ஓரத்தை வெட்டிட்டா எங்கேர்ந்து வரும்?"

அவன் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தான். அங்கே வெட்டுப்பட்ட சீடர் பெலவேந்திரர் இரண்டு கையையும் தூக்கி, 'நான் ஒன்றும் செய்யலையப்பா' என்று நின்றிருந்தார். அவர் பக்கத்தில் சின்ன யாகப்பர், கோடியில் பர்த்தொலொமே. லட்சுமியின் யானை மூவர்மீதும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"ஒட்டிக் குடுத்துர்றேன் டீச்சர்."

"தழும்பு தெரியும். அம்மாவுக்கு அதைப் பாத்தா இன்னும் பயம் வரும்." கொஞ்சம் இளகினாள். "உங்களை மட்டும் சொல்லி என்ன? டாவின்சி இதை வரைஞ்ச மடத்துச் சாமியாருங்களே, அந்தச் சுவத்துல கதவு வைக்கிறதுக்காக சேசுநாதரோட காலை இடிச்சவங்கதான்."

"கதவுக்கா?"

"கதவுக்குத்தான்."

அல்போன்ஸ் அந்த ஒரு சொல்லோடு மாலைவரை உட்கார்ந்திருந்தான். பிறகு சுவரிலிருந்து மூவரையும் அந்தப் பக்கத்து மூவரையும் தண்ணீர் தடவி, தோல் உரிப்பதுபோல மெல்ல எடுத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படத்தை அளந்தான். இரண்டு சின்ன பிரேம் செய்தான். யுத்தகாலத்தில் மரம் ஏது? கடைக்கு வெளியே அவன் பெயர் எழுதியிருந்த பலகைதான் மரம். பெரிய பிரேமின் இரண்டு பக்கமும் அவற்றைக் கதவுபோலக் கீல் வைத்துப் பொருத்தினான். மூடினால் அலமாரி. திறந்தால் பன்னிரண்டு பேரும் பந்தியில்.

மறுநாள் கோயில் மணி அடித்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு போனான். நோரா அம்மாள் அவனைப் பார்க்காமல் படத்தையே பார்த்தாள். இடதுபக்கக் கதவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடி, விரிசலில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். பர்த்தொலொமே உள்ளேதான் இருந்தார். மேசைமேல் கையூன்றி, என்ன பேச்சு நடக்கிறதென்று எட்டிப் பார்த்தபடி.

"வெளிய போயிருந்தான். வந்துட்டான்," என்றாள், யாரிடமோ.

அவள் கதவை முழுக்கத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் ஜெபமாலையை முட்டுக்கொடுத்தாள்.

"கிளாடிஸ், தட்டு வை."

கிளாடிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். மீன்குழம்பு வாசனை வந்தது. அல்போன்ஸ் மெல்ல வாசலைப் பார்த்தான்.

"எங்க போறே தம்பி? உக்காரு. என்னைப் பட்டினி போட்டவன் நீதான, கூட உக்காந்து தின்னு."

அவன் கூச்சத்தோடு பெஞ்சியின் கோடியில் தொற்றிக்கொண்டான். அவள் முதல் கவளத்தைப் பிசைந்த கையால் சைகை காட்டினாள்.

"அங்க இல்ல. அது அவன் இடம். இப்படி நடுவுல வா."

அல்போன்ஸ் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.